ரவுட்டருக்குள் நிற்கும் வரிசை

வீட்டு இணைய இணைப்பின் வேகத்தைச் சோதனைத் தளம் ஒன்றில் அளந்து பார்த்தால், கட்டணத் திட்டத்தில் சொன்ன அளவு பெரும்பாலும் வந்துவிடுகிறது. பதிவிறக்கம் 50 மெகாபிட், பதிவேற்றம் 10 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளலாம். அதே இணைப்பில் ஒருவர் கைபேசியிலிருந்து கல்யாண வீடியோவை ஆன்லைன் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கியதும், அடுத்த அறையில் நடக்கும் வீடியோ அழைப்பு தடுமாறுகிறது. பேச்சு துண்டு துண்டாக வருகிறது, திரையில் முகம் பாதிச் சிரிப்போடு நின்றுவிடுகிறது. பதிவேற்றம் முடிந்த மறுகணம் எல்லாம் தானாகச் சரியாகிறது. அழைப்புக்குத் தேவைப்படுவது இரண்டு மெகாபிட் அளவுதான். பத்து இருக்கும் இடத்தில் அந்த இரண்டுக்கு ஏன் இந்தப் பாடு?

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுவது. இல்லையேல் இரண்டு கொம்பு ரவுட்டரைக் கொடுத்துவிட்டு ஆறு கொம்பு ரவுட்டர் வாங்குவது. பல வீடுகளில் இரண்டுமே முழுதாகப் பலிப்பதில்லை. கோளாறு கம்பியிலும் இல்லை, கொம்பிலும் இல்லை. ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளில் இருக்கிறது. அந்த மென்பொருளை மாற்ற முடியும்.

ரவுட்டர் என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறு கணினி. அதற்குச் செயலி உண்டு, தற்காலிக நினைவகமான ரேம் உண்டு, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் உண்டு, வைஃபை அலைகளை அனுப்பி வாங்கும் வானொலிச் சில்லும் உண்டு. ஃபிளாஷில் நிலையாகப் பதிந்திருக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். தமிழில் நிலைபொருள் எனலாம். தயாரிப்பாளர் தந்த நிலைபொருளை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை எழுதிக்கொள்வதே இங்கே பேசப்படும் மாற்றம். இன்று இதில் முதன்மையானது ஓப்பன்-டபிள்யூஆர்டி. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ ஆகியவையும் நெடுநாளாக இருப்பவை.

இந்த வழி திறந்ததற்கு ஒரே ஒரு கருவி காரணம். லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே லிங்க்சிஸை சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தச் சமயத்தில், ரவுட்டரின் நிலைபொருளைப் பிரித்துப் பார்த்த நிரலாளர்கள் உள்ளே லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் பொருளில் வைத்து விற்கலாம். ஆனால் அதற்கான ஜிபிஎல் உரிமத்தின்படி, வாங்கியவர் கேட்டால் மூலநிரலைத் தந்தாக வேண்டும். கேட்டார்கள். சில வாரங்கள் இழுபறிக்குப் பிறகு 2003-லேயே மூலநிரல் வெளியானது. ஒரு மலிவான வீட்டுக் கருவியின் குடல் முழுவதும் பொதுவெளிக்கு வந்ததும், அதைத் திருத்தி எழுத ஆள் சேர்ந்துவிட்டது. 2004-இல் ஓப்பன்-டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரிலேயே அந்தப் பழைய மாதிரியின் எழுத்துகள் ஒட்டிக்கொண்டன.

தயாரிப்பாளர் இதை விரும்பினாரா என்பது வேறு கதை. 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் எடுக்கப்பட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளம் வைக்கப்பட்டது. ஃபிளாஷ் 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகவும், ரேம் 16-இலிருந்து 8 ஆகவும் குறைந்தன. பெட்டி பார்வைக்கு அதே பெட்டிதான். ஆர்வலர்கள் கூச்சலிட்டதில், பழைய வன்பொருளையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில், லினக்ஸைக் குறிக்கும் ஓர் எழுத்தைக் கூட்டி, தனியாக விற்க ஆரம்பித்தார்கள். அந்த மாதிரி பத்தாண்டுக்கு மேல் கடைகளில் இருந்தது. மின்னணுப் பொருள் ஒன்று அவ்வளவு காலம் விலைபோவது அபூர்வம்.

மாற்று நிலைபொருள் தரும் வசதிகளின் பட்டியல் நீளமானது: விளம்பரத் தடுப்பு, விபிஎன், விருந்தினருக்குத் தனி வைஃபை, யூஎஸ்பி வட்டுப் பகிர்வு. இவற்றில் பலவற்றை இப்போது தயாரிப்பாளர்களே தருகிறார்கள். ஆனால் வீடியோ அழைப்புப் புதிருக்கான விடை இந்தப் பட்டியலில் இல்லை. அது வெளியே தெரியாத ஓர் இடத்தில், ரவுட்டர் தன் கைக்கு வந்த தரவை வரிசைப்படுத்தும் முறையில் இருக்கிறது.

இணையத்தில் எந்தக் கோப்பும் முழுதாகப் பயணிப்பதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத பொட்டலங்களாக நறுக்கப்பட்டே போகிறது. வீட்டுக்குள் வைஃபை வழியாக விரைந்து வந்த பொட்டலங்கள், வெளியே போகும் மெதுவான இணைப்பின் வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. அவை நிற்கும் நினைவகப் பகுதிக்கு இடையகம் என்று பெயர். ரயில் நிலையத்தில் ஒரே ஒரு முன்பதிவுக் கவுண்டரும், அதன் முன்னால் ஒரு காத்திருப்புக் கூடமும் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். கவுண்டரில் நிமிடத்துக்கு எத்தனை சீட்டு கிழிகிறது என்பது இணைப்பின் வேகம். ஒருவர் கூடத்துக்குள் நுழைந்து சீட்டோடு வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தாமதம். வேகச் சோதனை முதலாவதை மட்டுமே அளக்கிறது. கூடம் நிரம்பி வழிந்தாலும் கவுண்டர் ஒரு நொடிகூட ஓயாமல் வேலை செய்தால், சோதனையில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். உள்ளே நிற்பவர் படும் அவதி அதில் தெரியாது.

வீடியோ பதிவேற்றம் என்பது கல்யாணக் கோஷ்டி ஒன்று நூறு சீட்டுக்கு வந்து நிற்பதைப் போன்றது. வீடியோ அழைப்பின் பொட்டலமோ ஒற்றைச் சீட்டுக்காரர். அவருக்குத் தேவையானது மிகக் குறைவு. ஆனால் அவர் கோஷ்டிக்குப் பின்னால் நிற்கிறார். பேச்சுக்குப் பொறுமை கிடையாது. தொலைபேசி உரையாடலில் ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவது கூடுகிறது.

அப்படியானால் கோஷ்டி ஏன் இவ்வளவு பெரிதாகிறது? இங்கே டிசிபி என்ற நெறிமுறை உள்ளே வருகிறது. கோப்பை அனுப்பும் கணினிக்கு நடுவிலுள்ள இணைப்பின் வேகம் முன்கூட்டித் தெரியாது. ஆகவே கொஞ்சம் அனுப்பி, பதில் வந்தால் இன்னும் கூட்டி, மேலும் கூட்டி, ஏதாவது ஒரு பொட்டலம் தொலைந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் தொலைவதுதான் அதற்குக் கிடைக்கும் எச்சரிக்கை. இந்த ஒழுங்கு 1986-இல் பட்ட ஓர் அடியிலிருந்து வந்தது. அந்த ஆண்டு லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, நெரிசல் தாங்காமல், நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வுதான் மேலே சொன்ன தயங்கிக் கூட்டி, அடிபட்டதும் குறைக்கும் முறை.

அந்த முறை ஒன்றை நம்பியிருக்கிறது: கூடம் நிரம்பினால் காவலர் வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார், செய்தி ஊருக்கு உடனே எட்டிவிடும் என்பதை. பிறகு நினைவகம் மலிந்தது. பொட்டலம் தொலைவது கெட்டது என்று கருதிய வடிவமைப்பாளர்கள் இடையகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கூடம் எவ்வளவு பெரிதானாலும் கவுண்டரின் வேகம் கூடாது. நிற்கும் கூட்டம்தான் கூடும். 10 மெகாபிட் இணைப்பின் முன்னால் ஒரு மெகாபைட் இடையகம் இருந்தால், அது நிரம்பிய பின் வரும் ஒவ்வொரு பொட்டலமும் சுமார் 0.8 நொடி நிற்க வேண்டும். ஒரு மெகாபிட் இணைப்பானால் அதே கூடத்தில் எட்டு நொடி. இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார்கள். இடையக வீக்கம் என்று சொன்னால் பொருந்தும்.

இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிங் என்ற கட்டளை போதும். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் எழுதியது, இன்றும் எந்தக் கணினியிலும் உண்டு. அது தொலைவிலுள்ள ஒரு கணினிக்குச் சிறு பொட்டலம் அனுப்பி, பதில் திரும்ப ஆகும் நேரத்தை மில்லிநொடியில் சொல்லும். வீட்டில் யாரும் எதையும் செய்யாதபோது 10, 20 என்று காட்டும். ஒரு பெரிய பதிவேற்றத்தைத் தொடங்கிவிட்டுப் பார்த்தால் எண் 300, 600 என்று ஏறினால் வீக்கம் இருக்கிறது என்று பொருள். எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் 2010-இல் தம் வீட்டு இணைப்பில் கண்டது இதைத்தான். பெரிய கோப்புகளை அனுப்பும்போது தாமதம் ஒரு நொடியைத் தாண்டியது. அவர் ரவுட்டரை மாற்றினார், கம்பியை மாற்றினார், இடத்தை மாற்றினார். ஏறக்குறைய எங்கு பார்த்தாலும் அதே வீக்கம் தெரிந்தது. அவருடைய வீட்டுக்கு மட்டும் வந்த கோளாறல்ல என்பதை, அதே ஆண்டு பெர்க்லி ஆய்வாளர்கள் நெட்டலைசர் என்ற சோதனையின் மூலம் பல நாட்டு வீடுகளிலிருந்து திரட்டிய அளவீடுகள் உறுதிசெய்தன.

இன்னும் வலுவான சான்று பிறகு கிடைத்தது. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரே தரத்தில் இரண்டு வகை மோடம் கொடுத்திருந்தது. ஒன்றில் வரிசையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் இயங்கியது, மற்றதில் இல்லை. கொரோனா காலத்தில் வீடுகளில் பதிவேற்றம் எகிறியபோது இரண்டையும் ஒப்பிட்டார்கள். கட்டுப்பாடு இல்லாத மோடத்தில் பதிவேற்றத்தின்போது தாமதம் சராசரியாக 250 மில்லிநொடி. கட்டுப்பாடு உள்ளதில் 15 முதல் 30. கம்பி ஒன்று, வேகம் ஒன்று. வரிசையை நடத்தும் முறை மட்டும் வேறு.

வரிசையை எப்படி நடத்துவது? கூடத்தைச் சிறிதாக்கினால் போதாதா என்று தோன்றும். போதாது. பொட்டலங்கள் சில நேரம் கொத்தாக வரும். அவற்றைத் தாங்க இடம் வேண்டும். கொத்து வந்து கரைந்துவிடும் வரிசை நல்ல வரிசை, கரையாமலே நிற்பது கெட்ட வரிசை. இரண்டையும் நீளத்தை வைத்துப் பிரிக்க முடியாது. சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993-இலேயே ஒரு முறையை முன்வைத்தார்கள். ஆனால் அதன் அளவுகளை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகத் திருக வேண்டியிருந்ததால் பெரும்பாலானோர் அதை இயக்கவே இல்லை. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அது வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நுழைந்த நேரத்தைக் குறித்துவைத்து, வெளியேறும்போது எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லிநொடி நீளமான இடைவெளி முழுவதும் ஒரு பொட்டலம்கூட 5 மில்லிநொடிக்குக் குறைவாகக் காத்திருக்கவில்லை என்றால் அது கெட்ட வரிசை. உடனே ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே கைவிடுகிறது. அனுப்பும் கணினி எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு வேகத்தைத் தணிக்கிறது. தரவைக் காப்பாற்றத் தரவைத் தொலைப்பது முரணாகத் தெரியலாம். தொலைந்ததை டிசிபி மறுபடி அனுப்பிவிடும். காத்திருந்த நேரத்தைத்தான் யாராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்த திருத்தம் ஒற்றை வரிசையை உடைப்பது. எஃப்கியூ-கோடெல் என்ற கலவை முறை, ஒவ்வோர் உரையாடலையும் தனி வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் மாறி மாறி ஆள் எடுக்கிறது. கோஷ்டி தன் வரிசையில் நிற்கும். ஒற்றைச் சீட்டுக்காரர் தம் வரிசையில் முதல் ஆளாக இருப்பதால் உடனே போய்விடுவார். யார் யாருக்கு முன்னுரிமை என்று பட்டியல் எழுதித் தர வேண்டியதே இல்லை. இந்த முறை 2012-இலேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்துவிட்டது. அதைச் சாதாரண வீட்டு ரவுட்டரில் போட்டுச் சோதித்தவர்கள் டேவ் டாட்டும் கெட்டிஸும் தொடங்கிய செரோ-டபிள்யூஆர்டி திட்டத்தினர். ஓப்பன்-டபிள்யூஆர்டியின் கிளையாக அது இருந்ததால்தான் சோதனை சாத்தியமானது. மூடிய நிலைபொருளில் வரிசை எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கக்கூட முடிந்திருக்காது.

இவ்வளவும் செய்தபின் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. வரிசை எப்போதும் வழியிலேயே மிக மெதுவான இடத்தில்தான் சேரும். பல வீடுகளில் அந்த இடம் ரவுட்டரல்ல, அதற்கு அடுத்திருக்கும் மோடம். ரவுட்டரில் புத்திசாலிக் காவலர் நிற்கிறார், கூட்டமோ அவரைத் தாண்டி உள்கூடத்தில் நெரிகிறது. தீர்வு விசித்திரமானது: ரவுட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். 10 மெகாபிட் பதிவேற்றம் உள்ள இணைப்பில் 9 மெகாபிட்டுக்கு மேல் வெளியே விடாதே என்று கட்டளையிட்டால், மோடத்தில் வரிசை சேராது. கூட்டம் முழுவதும் ரவுட்டரின் வாசலுக்கு நகர்ந்துவிடும். அங்கே அதை ஒழுங்குபடுத்தக் காவலர் இருக்கிறார். பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்து, தாமதத்தில் பத்து மடங்கு குறைவை வாங்கும் இந்தப் பேரத்தை ஓப்பன்-டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் என்ற பக்கத்தில் அமைக்கலாம். பதிவிறக்க எண் ஒன்று, பதிவேற்ற எண் ஒன்று, வரிசை முறையாகக் கேக் என்பதைத் தேர்ந்தெடுப்பது, வேலை அவ்வளவே. கேக் என்பது எஃப்கியூ-கோடெலின் அடுத்த தலைமுறை, 2018-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. எண்களை 90 விழுக்காட்டில் தொடங்கி, பிங்கைப் பார்த்தபடியே கூட்டியும் குறைத்தும் நிறுத்துவது நல்ல பழக்கம்.

நூற்றுக்கணக்கான மெகாபிட் தரும் ஃபைபர் இணைப்பில் கவுண்டர் அவ்வளவு வேகமாக இயங்குவதால் வெளிவாசலில் வரிசை சீக்கிரம் கரைந்துவிடும். அப்போது மெதுவான இடம் வைஃபையாகிறது. வைஃபையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். பழைய முறையில், பேசும் வாய்ப்பு கருவிக்கு ஒன்று என்று எண்ணிக்கையில் சமமாகப் பகிரப்பட்டது. தொலைவில், சுவருக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய கைபேசி ஒரே ஒரு பொட்டலத்தைச் சொல்லி முடிக்க மிக நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் புது மடிக்கணினியும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003-இலேயே இதை அளந்து காட்டினார்கள். 2017-இல் டோக்கே ஹோய்லாண்ட்-யோர்கன்சனும் கூட்டாளிகளும் வாய்ப்பைப் பகிராமல் வானலை நேரத்தைப் பகிரும் முறையை லினக்ஸில் எழுதினார்கள். மொத்த வேகம் ஐந்து மடங்கு வரை கூடியது, நெரிசலில் தாமதம் பத்தில் ஒன்றுவரை குறைந்தது. அதை எழுத முடிந்ததற்குக் காரணம், அவர்கள் பயன்படுத்திய ஏதெரோஸ் சில்லின் இயக்கி நிரல் திறந்திருந்தது. பிராட்காம் வைஃபைச் சில்லுகள் பலவற்றில் அது மூடியிருக்கிறது. ஆகவே மாற்று நிலைபொருள் போடும் எண்ணத்தோடு ரவுட்டர் வாங்குபவர், கொம்புகளை எண்ணுவதை விட்டுவிட்டு உள்ளே எந்தச் சில் என்று பார்ப்பது மேல்.

மாற்று நிலைபொருளால் ஆகாதவையும் உண்டு. அலை தாண்டாத கான்கிரீட் சுவரை அது தாண்டவைக்காது. அனுப்பும் மின்திறனைக் கூட்டுவதற்கான அமைப்பு பலரை ஈர்க்கிறது; ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், கைபேசியின் மெல்லிய பதில் அதன் காதில் விழ வேண்டுமே. மேலும் நாட்டுக்கு நாடு மின்திறனுக்குச் சட்ட வரம்பு உண்டு. சேவை நிறுவனம் தரும் ஃபைபர் பெட்டியில் பெரும்பாலும் நிலைபொருளை மாற்ற வழியில்லை. அதன் பின்னால் சொந்த ரவுட்டரை வைத்து, பெட்டியைப் பிரிட்ஜ் முறையில் வெறும் இணைப்பானாக்குவதே நடைமுறை. இன்னொன்று: தயாரிப்பாளரின் நிலைபொருள் பொட்டலங்களைச் செயலியைத் தொடாமல் தனிச் சுற்று வழியாகத் தள்ளிவிடும் குறுக்குவழியை வைத்திருக்கும். வரிசையை ஒழுங்குபடுத்த ஒவ்வொரு பொட்டலத்தையும் செயலி பார்த்தாக வேண்டும். அதனால் மலிவான ரவுட்டரில் எஸ்கியூஎம்-ஐ இயக்கினால் உச்ச வேகம் குறையக்கூடும்.

வேகத்தோடு தொடர்பில்லாத ஒரு காரணத்துக்காகவும் பலர் மாறுகிறார்கள். தயாரிப்பாளர் சில ஆண்டுகளில் ஒரு மாதிரிக்குப் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிடுகிறார். கருவியோ மேசையில் இயங்கிக்கொண்டே இருக்கிறது. 2018-இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். ஓப்பன்-டபிள்யூஆர்டி ஓடும் பழைய கருவிக்குத் தயாரிப்பாளர் கைவிட்ட பின்பும் ஓட்டைகள் அடைபடுகின்றன. 2020-இல் வந்த பதிப்பு, வைஃபைக்கான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை வருவதற்கு முன்பே விற்ற ரவுட்டர்கள் பலவற்றுக்கும் அதைக் கொடுத்தது.

நிறுவும் முன் மாதிரி எண்ணோடு, அடியில் ஒட்டிய சீட்டில் சிறு எழுத்தில் இருக்கும் வன்பொருள் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும். டபிள்யூஆர்டி54ஜியின் நான்காம் பதிப்பும் ஐந்தாம் பதிப்பும் வெளியே ஒரே பெட்டி, உள்ளே வேறு கருவி. இன்றைய ரவுட்டர்களிலும் இதே கதை உண்டு. ஃபிளாஷ் 8 மெகாபைட், ரேம் 64 மெகாபைட் என்ற அளவுக்குக் கீழுள்ள கருவிகளை இன்றைய பதிப்புகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. இரட்டிப்பு இருந்தால் நிம்மதி. கோப்பைப் பதிவிறக்கியதும் அதன் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுவிட்டு, ரவுட்டரைக் கணினியோடு வைஃபையில் அல்லாமல் கம்பியில் இணைத்து, எழுதி முடியும்வரை மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதியில் அறுந்தால் ரவுட்டர் செங்கல்லாகிவிட்டது என்பார்கள். உண்மையில் முழுச் செங்கல் ஆவது குறைவு. ஃபிளாஷின் தொடக்கத்தில் பூட்லோடர் என்ற சிறு துவக்க நிரல் தனியே இருக்கிறது; வழக்கமான நிறுவல் அதைத் தொடுவதில்லை. பல மாதிரிகளில் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், அந்த நிரல் விழித்துக்கொண்டு, கம்பி வழியே புது நிலைபொருளை வாங்கிக்கொள்ளும். ஓப்பன்-டபிள்யூஆர்டி தன் மூலக் கோப்புகளைத் திருத்த முடியாத பகுதியிலும், பயனர் செய்யும் மாற்றங்களைத் தனிப் பகுதியிலும் வைப்பதால், அமைப்பைக் குழப்பிவிட்டவர் மாற்றங்களை மட்டும் அழித்துவிட்டு முதல் நாள் நிலைக்குத் திரும்பலாம். இந்தத் திட்டத்தினரே வடிவமைத்து, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்போடு சேர்ந்து, 2024 நவம்பரில் 89 டாலருக்கு வெளியிட்ட ஓப்பன்-டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டரில் இரண்டு தனித்தனி ஃபிளாஷ் சில்லுகள் இருக்கின்றன. அன்றாடம் ஓடும் நிலைபொருள் ஒன்றில், மீட்பு நிரல் மற்றொன்றில். முதலாவது எவ்வளவு சிதைந்தாலும், பெட்டியிலுள்ள சுவிட்சைத் தள்ளி இரண்டாவதிலிருந்து துவக்கிக்கொள்ளலாம்.